வெங்காயத்தோல் பாவாடை

ஐப்பசி பிறந்து ஆறாம் நாள் காலையில், பால் சொசைட்டிக்குத் தூக்குப்பாத்திரத்தோடு வந்த ஆனந்தவல்லியைப் பார்த்துக் கட்டளைச்சேரி ஒரு நிமிஷம் வாயடைத்துப் போயிற்று. ஒரு நிமிஷம்தான். அதற்கு மேல் வாயை மூடிவைத்திருந்து அந்த ஊருக்குப் பழக்கமில்லை.

மேலே புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டை. காலில் கறுப்பு லெக்கின்ஸ். அதுவரைக்கும் யாரும் குற்றம் சொல்ல முடியாது; வயலுக்குப் போகிற பெண்கள் எல்லோரும்தான் சட்டை மாட்டுகிறார்கள். விவகாரம் நடுவில் இருந்தது. வெங்காயத்தோல் நிறத்தில், கொசுவலைத் துணி மாதிரி ஒன்று, நாலு அடுக்காக இடுப்பிலிருந்து கிளம்பி, சுற்றிலும் ஒரு முழத்துக்கு விரிந்து, முழங்காலுக்குக் கீழே நின்றது. அவள் நடந்தால் அது தனியாக ஒரு நடை நடந்தது. அவள் நின்ற பிறகு கொஞ்ச நேரம் யோசித்து அதுவும் நின்றது.

"கோழிய மூடுற பஞ்சாரத்துக்குக் காலு முளைச்சு வருது பாரு" என்றாள் பால் ஊற்ற வந்த ஒருத்தி.

"கொசு ஜாஸ்திதான். அதுக்காக வலைய இடுப்புலயா கட்டுறது?" என்றாள் இன்னொருத்தி.

ஐம்பதை நெருங்குகிற ஆனந்தவல்லி, காது கேட்காதவள் மாதிரி பாலை ஊற்றி, அட்டையில் எழுதிக்கொண்டு, வந்த வழியே போய்விட்டாள். ஊருக்கு அதுதான் பெரிய ஏமாற்றம். ஒரு பதில் சொல்லியிருந்தால் அதை வைத்து ஒரு வாரம் ஓட்டியிருக்கலாம்.

கட்டளைச்சேரி இதற்கு முன்னாலும் இப்படி அதிர்ந்திருக்கிறது. முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மருமகள் நைட்டியோடு வாசல் தெளித்தபோது, அந்தக் குடும்பத்தில் பெண் எடுக்கமாட்டோம் என்று இரண்டு வீடு சொல்லிற்று. இன்றைக்கு அந்த இரண்டு வீட்டுக் கொடியிலும் நைட்டிதான் காய்கிறது. சுடிதாருக்கும் அப்படி ஒரு காலம் இருந்தது. ஆனால் அதெல்லாம் இளசுகளின் காரியம். ஒரு பெண்ணைப் பெற்று, வளர்த்து, பெங்களூரில் வேலைக்கு அனுப்பிவிட்ட ஆனந்தவல்லிக்கு இது எதற்கு?

எதற்கு என்பது ஊருக்குத் தெரியாது. நமக்குத் தெரிந்தால் தப்பில்லை.

அவள் புருஷன் தமிழரசனுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது.

சர்க்கரை வியாதிதான். முதலில் காலில் ஒரு புண் வந்து ஆறிவிட்டது. பிறகு கண்ணுக்குப் போயிற்று. மூன்று தடவை லேசர் வைத்தார்கள். இருக்கிறதைக் காப்பாற்றலாம், போனது வராது என்று டாக்டரம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார். போனது நடுப்பார்வை. "யாரோ கட்டைவிரல நடுவுல வச்சு அழுத்துன மாதிரி மசங்கலா இருக்குடி. ஓரத்துல மட்டும் தெரியுது" என்று பஸ்ஸில் வரும்போது சொன்னான். அன்றிலிருந்து எதையும் தலையைச் சாய்த்து, கோழி பார்க்கிற மாதிரி, ஓரக்கண்ணால் பார்க்கப் பழகினான். ஊர் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தது. "தமிழரசன் இப்பல்லாம் யாரையும் நேராப் பாக்குறதில்ல. பொண்ணு பெங்களூர் போன திமிரு."

திமிர் என்றே இருக்கட்டும் என்று இருவரும் விட்டுவிட்டார்கள். காரணம், நிலம்.

அவர்கள் பயிர் வைத்திருந்த பத்து மா நிலம், மூன்று ஏக்கர் சொச்சம், சொந்தமில்லை. சென்னைக்குப் போய்விட்ட ஹரிஹரசுப்ரமணியனுடையது. தமிழரசன் இருபத்திரண்டு வருஷமாகக் குத்தகைக்குச் செய்கிறான். எழுத்து ஒன்றும் கிடையாது, வாய்ப்பேச்சுதான். போன வருஷம் இதே ஊரில் வேறொருவருடைய நிலத்தைச் செய்துகொண்டிருந்தவருக்குக் கை கால் இழுத்துக்கொண்டது. அறுப்பு முடிந்த கையோடு அந்த ஆறு மா, பவர் டில்லரும் ஆள்பலமும் வைத்திருக்கிற செந்தில்குமார் கைக்குப் போயிற்று. தமிழரசனின் வயலுக்குத் தெற்கு வரப்பைத் தாண்டினால் செந்தில்குமாருடைய வயல்தான். "ஐயா நெலத்தையும் நம்மகிட்டயே விட்டா ஒரே நெரவா ஓட்டிரலாம்" என்று அவன் இரண்டு தடவை பேச்சுவாக்கில் சொல்லியிருந்தான். கண் விஷயம் எதிர்வீட்டு வானதிக்கு ஏழு மணிக்குத் தெரிந்தால், ஏழு பத்துக்குச் செந்தில்குமாருக்குத் தெரியும். எட்டு மணிக்குச் சென்னையில் போன் அடிக்கும்.

ஆகவே தமிழரசன் கண் தெரிகிறவனாகவே நடமாடினான். வயலைப் பொறுத்தவரை அது ஒன்றும் கஷ்டமில்லை. எந்த வரப்பில் எத்தனையாவது எட்டில் நண்டு வளை இருக்கிறது என்று அவன் காலுக்கே தெரியும். மனுஷர்கள்தான் தொல்லை. வயலில் வேலை செய்கிற அத்தனை பெண்களும் சேலைமேல் சட்டை, தலையில் துண்டு. தூரத்தில் எல்லாம் ஒரே நிழல். ஆவணியில் ஒருநாள் ஆனந்தவல்லி என்று நினைத்துக் கூலிக்கு வந்த ஒருத்தியிடம் போய், "முதுகுல கொஞ்சம் சொறிஞ்சு விடேன்" என்று திரும்பி நின்றுவிட்டான். அவள் நல்லவள், சிரித்துவிட்டு விட்டாள். ஆனந்தவல்லிதான் அன்று முழுக்க அவனைவிட்டு நாலடி நகரவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஐந்து நாள் விடவில்லை. கொடியில் போட்ட துணி காயாமல் நாறியது. ஆறாம் நாள் விடியற்காலையில் இடுப்பில் கட்ட ஓர் உலர்ந்த பாவாடை இல்லாமல், மகள் ஜெயபாரதி விட்டுப்போன பையைக் குடைந்தாள். அதிலிருந்து இந்த வலைச் சமாச்சாரம் வந்தது. எடுத்த எடுப்பில் சிரிப்பு வந்தது. ஆனால் உலர்ந்திருந்தது. இடுப்பில் எலாஸ்டிக் வேறு. லெக்கின்ஸுக்கு மேல் மாட்டிக்கொண்டு, யார் பார்க்கப்போகிறார்கள் என்று கொல்லைப்பக்கம் சாணி அள்ளப் போனாள்.

மாட்டுக்கொட்டகையில் வைக்கோல் உருவிக்கொண்டிருந்த தமிழரசன் தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

"ஆனந்தி, அந்தக் கூடைய எடுத்துட்டு வா."

அவள் நின்றுவிட்டாள். இருபதடி தூரம். தூறல் வேறு. இரண்டு வருஷமாக, குரல் கொடுக்காமல் அவள் பக்கத்தில் போனால், யாரு என்று கேட்கிற மனுஷன்.

"நான்தான்னு எப்படித் தெரிஞ்சுது?"

"தெரியுதே."

"மூஞ்சி தெரியுதா?"

அவன் தலையை இந்தப் பக்கம் சாய்த்தான், அந்தப் பக்கம் சாய்த்தான். "மூஞ்சி தெரியல. நீ தெரியுற" என்றான். பிறகு, "கொஞ்சம் நடந்து காட்டு" என்றான்.

அவள் கிணற்றடி வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். கையில் சாணிக்கூடை. மழை. கல்யாணம் ஆன இருபத்தேழு வருஷத்தில் நடந்து காட்டு என்று அவன் சொன்னதில்லை. பெண் பார்க்க வந்தபோதுகூடச் சொன்னதில்லை.

"என்னடி கட்டியிருக்க? குடை மாதிரி விரிஞ்சு போவுது."

"உங்க பொண்ணு விட்டுட்டுப் போனது."

"அதையே கட்டு" என்றான்.

அன்று காலை பால் சொசைட்டிக்கு அதையே கட்டிக்கொண்டு போனாள். மிச்சம்தான் ஊருக்குத் தெரியுமே.

குறுவை அறுத்த வயலில் தாளடி நடவு முடிந்து கார்த்திகையில் யூரியா வந்தது. அப்போதுதான் அந்தப் பாவாடை தன் முழு உத்தியோகத்தையும் ஏற்றது. வேப்பம்புண்ணாக்கில் விரவிய யூரியாவை அன்னக்கூடையில் அள்ளி இடுப்பில் இடுக்கிக்கொண்டு தமிழரசன் மேற்கு வரப்பில் இறங்குவான். எதிரே கிழக்கு வரப்பில் ஆனந்தவல்லி நிற்பாள். அவளைக் குறி வைத்து, கையை வீசி வீசித் தெளித்துக்கொண்டு, சேற்றில் நேர்கோடாக நடந்து வருவான். பக்கத்தில் வந்ததும் அவள் வடக்கே இரண்டடி நகர்ந்துகொள்வாள். அவனும் நகர்ந்து, வந்த வழிக்குப் பக்கத்து வழியாகத் திரும்பிப் போவான். திரும்பிப் போகும்போது மேற்கே ஒற்றைப் பனை இருக்கிறது, அது போதும். வரும்போதுதான் அவள் வேண்டும். பயிர் திட்டுத் திட்டாகக் கறுக்காமல், விரித்த பாய் மாதிரி ஒரே பச்சையாக வந்தது.

"எப்படிண்ணே இப்படி நெரவா வருது?" என்று செந்தில்குமார்கூட வரப்பில் நின்று கேட்டான்.

"கை ராசி" என்றான் தமிழரசன், அவனை ஓரக்கண்ணால் பார்த்து. திமிர்.

வீட்டுக்கு வந்தால் அவனுக்குக் கோதுமை தோசையும் கத்தரிக்காய்க் கொத்சும். நெல் விளைகிற ஊரில், நெல் விளைவிக்கிறவனுக்கு ஒரு வேளைக்கு ஒரு கரண்டிச் சோறுதான் அளவு. அந்த ஒரு கரண்டியில் கருவாட்டுக் குழம்பை ஊற்றிப் பிசைந்து, ஒவ்வொரு பருக்கையாகத் தின்பான். ஆனந்தவல்லி எதிரே உட்கார்ந்து மீன்முள் எடுத்துத் தருவாள். முள் எடுத்துத் தருகிறாள் என்பதும் ஊருக்குத் தெரியாது.

வானதிக்கு மட்டும் மனசு ஆறவில்லை. ரவிக்கை தைக்கிறவள்; வாட்ஸப்பில் குழு வைத்துத் துணியும் விற்கிறாள். ஒரு துணி தன் கண்ணுக்குத் தப்பி ஊருக்குள் வந்தது அவளுக்குத் தொழில்முறையில் அவமானம். ஒருநாள் ஒரு கிண்ணத்தில் மொச்சைச் சுண்டலோடு வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, கேக்கறேன்னு தப்பா நெனைக்காதிங்க."

"நெனைச்சா கேக்காம போயிருவியா?"

"இது என்னக்கா? வேண்டுதலா?"

ஆனந்தவல்லி சுண்டலை வாயில் போட்டுக்கொண்டாள். மெல்லுகிற நேரத்துக்குள் ஒரு பொய் தயாராக வேண்டும்.

"பேஷன்" என்றாள்.

"பேஷனா?"

"பாரதி சொல்லிச்சு. இப்ப வெளியூர்ல எல்லாம் இதான் போடுறாங்களாம். கடைக்கு, ஆபீசுக்கு, எல்லாத்துக்கும். சும்மா விசேஷத்துக்கு மட்டும்னு இல்ல."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சுளிவுகூட இல்லை. மகளுக்கும் இந்தப் பொய்க்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. முதல் வாரமே வீடியோவில் பார்த்துவிட்டு ஜெயபாரதி அலறியிருந்தாள். "அம்மா! அது ஃப்ரெண்டு பர்த்டேக்கு ஒரே ஒரு நாள் போட்டதும்மா! அதப் போயி மாட்டுக்கொட்டாய்ல..." ஆனந்தவல்லி காரணத்தைச் சொன்னாள். அப்புறம், "எலாஸ்டிக் லூசாச்சுன்னா சொல்லும்மா, வேற வாங்கி அனுப்புறேன்" என்று மட்டும் வந்தது.

வானதி வீட்டுக்குப் போய்ப் போனைத் தடவினாள். ஆச்சரியம், பொய் உண்மையாக இருந்தது! எங்கெங்கோ ஊர்களில் பெண்கள் அந்த வலைப் பாவாடையைக் கட்டிக்கொண்டு காய்கறி வாங்கினார்கள், ரயில் ஏறினார்கள், நாயைக் கூட்டிக்கொண்டு நடந்தார்கள். பாலே என்று ஒரு நாட்டியமாம், கால்விரல் நுனியில் நின்று ஆடுவார்களாம். அவர்கள் மேடையில் கட்டுவது இப்போது தெருவுக்கு வந்துவிட்டதாம். அன்று சாயங்காலமே குழுவில் படம் போட்டாள். "நம்ம ஆனந்தவல்லி அக்கா கட்டுற மாடல்" என்று கீழே எழுதினாள்.

கார்த்திகை தீபத்துக்குள் நாலு வந்தது. மார்கழி பிறக்கும்போது பதினொன்று. பஞ்சாரம் என்று சொன்னவளே பச்சையில் ஒன்று வாங்கினாள். காலேஜ் பெண்கள் அதைக் கட்டிக்கொண்டு குத்தாலம் பஸ்ஸில் நிற்க, கண்டக்டர், "கொஞ்சம் சுருக்கிக்கம்மா, ரெண்டு ஆள் எடம் போவுது" என்று கத்தினார்.

ஆனந்தவல்லிக்குத் தூக்கம் போயிற்று. தான் சொன்ன பொய் ஊரெல்லாம் விரிந்து நடக்கிறது. பச்சை, நீலம், கறுப்பு இருந்துவிட்டுப் போகட்டும். வானதி தனக்கு ஒன்று வாங்கப்போகிறாள் என்று தெரிந்ததும் வலியப் போய்ச் சொன்னாள்:

"வானதி, உன் நெறத்துக்கு மயில்கழுத்துக் கலர் எடுத்துக்க. எடுப்பா இருக்கும். இந்த வெங்காயத்தோலு வேணாம், அழுக்கு காட்டும்."

இந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஒருத்தி ஒரு நிறத்தை வேண்டாம் என்று அக்கறையாகச் சொன்னால், அந்த நிறத்தில் ஏதோ இருக்கிறது என்று அறியாதவளா வானதி? நாலாம் நாள் வெங்காயத்தோலே வந்தது. அதுவும் ஆறு அடுக்கு.

"என்னங்க, வானதியும் அதே நெறம் எடுத்துட்டா" என்று ஆனந்தவல்லி புலம்பினாள்.

"எடுக்கட்டுமே. உன்ன மாதிரி நிக்க அவளுக்கு வருமா?" என்றான் தமிழரசன்.

அவள் அதில் கொஞ்சம் மயங்கிவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். தலையில் சிவப்பாக ஒரு துண்டைக் கட்டிக்கொள்ளலாமா என்று யோசித்திருந்தவள், அதை விட்டுவிட்டாள்.

மார்கழித் திருவாதிரைக்கு ஹரிஹரசுப்ரமணியன் வந்தார். ரயில்வே கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வருஷத்துக்கு ஒருதடவை வருவார், சிதம்பரத்தில் தரிசனம் முடித்து, ஊர்ப் பெருமாளுக்கு ஓர் அர்ச்சனை செய்து, நிலத்தைப் பார்த்துவிட்டுப் போவார். முன்கூட்டிச் சொல்கிற வழக்கமில்லை. அன்றைக்கென்று கடைசி யூரியா. வயலில் தண்ணீரை வடித்துவிட்டிருந்தார்கள். கடற்பக்கம் மேகம் ஏறிக்கொண்டிருந்தது. இருட்டுவதற்குள் போட்டு முடித்து, மடையைத் திறந்துவிட வேண்டும். மழை முந்திக்கொண்டால் போட்டதெல்லாம் வாய்க்காலோடு போகும்.

தமிழரசன் பாதி வயலை முடித்திருந்தபோது தெற்கே வாய்க்கால் கரையில் கார் வந்து நின்றது. வெள்ளை வேட்டியோடு ஹரிஹரசுப்ரமணியன் இறங்கினார். செந்தில்குமார் எங்கிருந்தோ முளைத்து, குடை பிடிக்கிறவன் மாதிரி பக்கத்தில் நின்றான். கார் சத்தம் கேட்டால் வானதி வீட்டுக்குள் இருப்பாளா? புதுப் பாவாடை விரிய, கரையேறி ஓடி வந்தாள்.

"வாங்க சார், நல்லாருக்கீங்களா, மாமி வரலீங்களா?"

கரை வயலைவிட மூன்றடி உயரம். அவளுக்குப் பின்னால் வெறும் வானம். ஆறு அடுக்கும் காற்றில் விரிந்து நின்றது. கிழக்கு வரப்பில் ஆனந்தவல்லி, வாழைக்கொல்லையின் பச்சைக்கு முன்னால், இரண்டு மாதம் சேறு தோய்ந்து அலுத்த நாலு அடுக்கோடு நின்றாள்.

தமிழரசன் மேற்கு வரப்பைத் தொட்டுத் திரும்பினான். தலையைச் சாய்த்தான். வெங்காயத்தோல் தெரிந்தது. நடந்தான்.

பத்து எட்டு வரைக்கும் ஆனந்தவல்லிக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவன் கோணலாகப் போகிறான். கையை வீசி வீசி, ஏற்கெனவே போட்ட பயிர்மேலேயே போட்டுக்கொண்டு, தெற்கே போகிறான். கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தாள். கரையில் வெள்ளை வேட்டி நின்றது. வாயை மூடினாள்.

தெற்கு வரப்பு வந்தது. தமிழரசன் கால் நின்றது. இருபத்திரண்டு வருஷத்துக் கால். இது நம் எல்லை என்று அதற்குத் தெரியும். ஒரு கணம் அங்கேயே நின்றான். மறுபடி தலையைச் சாய்த்துப் பார்த்தான். பாவாடை அங்கேதானே நிற்கிறது? அவள் காரணமில்லாமல் போய் நிற்கமாட்டாள். காலை நம்பாமல் அவளை நம்பி, வரப்பைத் தாண்டி, செந்தில்குமார் வயலில் இறங்கினான். யூரியாவை வீசிக்கொண்டே நடந்தான்.

"அண்ணே! என் வயலுக்கும் சேத்தா?" என்று செந்தில்குமார் சிரித்தான். "போடுங்க போடுங்க!"

காற்று வடக்கேயிருந்து அடித்தது. தமிழரசனுக்குக் காதில் விழவில்லை. கரைக்கு அடியில் வந்து, அன்னக்கூடையை இடுப்பிலிருந்து இறக்கி, வானதியின் பாவாடையை அண்ணாந்து பார்த்துச் சொன்னான்:

"ஏன்டி இங்க வந்து நிக்கிற? கால் கடுக்குதா? கடுத்தா உக்காந்துக்கயேன். காலையிலேருந்து ஒனக்கும் நின்னு நின்னு..."

வானதி ஓரடி பின்னால் நகர்ந்தாள். தமிழரசன் முகம் மெல்ல மாறியது. பக்கத்தில் வெள்ளையாக ஏதோ ஒன்று, இன்னொரு நிழல்... அவன் தலையை அங்கும் இங்கும் சாய்த்தான்.

"ஏங்க..." வயலுக்கு அந்தக் கோடியிலிருந்து ஆனந்தவல்லியின் குரல் வந்தது. "நான் இங்க இருக்கேங்க."

அவன் அப்படியே நின்றான், செந்தில்குமாரின் பயிருக்கு நடுவில்.

அவள் வரப்போடு ஓடி வந்து சேர்ந்தபோது ஹரிஹரசுப்ரமணியன் கரைச் சரிவில் பாதி இறங்கியிருந்தார்.

"தமிழரசு, நான் யாருன்னு தெரியறதா?"

"குரல் தெரியுதுங்க ஐயா."

"எத்தனை நாளா இப்படி?"

"ரெண்டு வருஷம் ஆவுதுங்க" என்றாள் ஆனந்தவல்லி. மூச்சு வாங்கியது. "சக்கரைங்க. சொல்லக்கூடாதுன்னு இல்ல. சொன்னா நெலத்த..."

"அப்போ போன வருஷத் தாளடி? இந்தக் குறுவை?"

"எல்லாம் அவுங்க போட்டதுதாங்க. முன்ன குரல் குடுத்துக்கிட்டே நிப்பேன். காத்துல காதுல விழாது. இத கட்டுனதுக்கு அப்புறம் குரல் வேணாங்க." அவள் வலையைப் பிடித்து விரித்துக் காட்டினாள். "இது தெரியுதாம் அவுங்களுக்கு. தூரத்துலேருந்தே நான்தான்னு தெரியுதாம்."

வானதி தன் பாவாடையைக் குனிந்து பார்த்தாள். அதைக் கழற்றிப்போடவும் முடியாது, கட்டிக்கொண்டு நிற்கவும் முடியாது. "அக்கா, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல" என்றாள். சொல்லி முடித்ததும், சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவளுக்கே தெரிந்து, முந்தானை இல்லாததால் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"சார், நான் அப்பவே நெனைச்சேன்" என்று செந்தில்குமார் ஆரம்பித்தான். "இப்படியே எத்தன நாளைக்கு..."

"ஐயா" என்று தமிழரசன் குறுக்கிட்டான். "நெலத்தப் பத்தி நீங்க என்ன சொன்னாலும் சரி, அப்புறம் பேசிக்கலாங்க. இப்ப தண்ணி வடிச்சுக் கெடக்கு. வடக்கால எட்டு நடை பாக்கி. கீழ்வானம் கறுத்திருக்கும்னு நெனைக்கிறேன், ஈரக்காத்து அடிக்குது. போட்டுட்டு வந்துடறேன்."

ஹரிஹரசுப்ரமணியன் வயலைப் பார்த்தார். அவர் கண் நன்றாகத் தெரிகிற கண்தான். கோணலாக மிதித்த ஒரு தடம் தவிர, மேற்கிலிருந்து கிழக்கு வரைக்கும் ஒரே உயரம், ஒரே பச்சை.

"போட்டுட்டு வா" என்றார்.

ஆனந்தவல்லி அவன் கையைப் பிடித்து வரப்பைத் தாண்டி மேற்குக் கோடியில் கொண்டுபோய் விட்டாள். ஊர் பார்க்க அவள் அவன் கையைப் பிடித்தது அதுதான் முதல்முறை. பிறகு ஓட்டமாகக் கிழக்கு வரப்புக்கு வந்து தன் இடத்தில் நின்றாள்.

தமிழரசன் அன்னக்கூடையை இடுக்கிக்கொண்டு தலையைச் சாய்த்தான். சாய்த்தபடியே நின்றான். அடி எடுத்து வைக்கவில்லை. இரண்டு வெங்காயத்தோல். நடுவில் ஒரு வெள்ளை. பக்கத்தில் ஒரு சட்டை. எதை நம்புவது?

முதலில் வானதிக்குத்தான் விளங்கியது. சட்டென்று கரையிலேயே குந்தினாள். ஆறு அடுக்கையும் இரண்டு கையாலும் அள்ளி மடியில் அமுக்கி, அதன்மேல் கவிழ்ந்துகொண்டாள்.

"சார், நீங்களும் குந்துங்க" என்றாள் கிசுகிசுப்பாக. "வேட்டி பளீர்னு தெரியுது."

"நானா?"

"ஆமா சார். குழப்பமாயிரும்ல அண்ணனுக்கு."

எழுபத்தோரு வயசு முழங்கால் இரண்டும் சத்தம் போட, ஹரிஹரசுப்ரமணியன் வேட்டியைச் சுருட்டிக்கொண்டு சேற்றுக்கரையில் குந்தினார். களை பறித்துவிட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு பெண்கள் வரப்பில் வேடிக்கை பார்க்க நின்றார்கள். வானதி கையைக் கீழே கீழே என்று ஆட்ட, என்ன ஏது என்று தெரியாமலே அவர்களும் குந்தினார்கள். செந்தில்குமார் மட்டும் நின்றான்.

"சார், சித்திரைக்கு அப்புறம் இந்த நெலத்த என்ன செய்யலாம்னு..."

ஹரிஹரசுப்ரமணியன் அவன் சட்டையின் கீழ்நுனியைப் பிடித்து இழுத்தார். "சித்திரைக்கும் அவாதான் பண்ணுவா. நீ முதல்ல உக்காரு. மறைக்கறே."

செந்தில்குமார் உட்கார்ந்தான்.

அந்த வெளியில் இப்போது நின்றுகொண்டிருந்தவள் ஒருத்திதான். காற்று வலையைப் பிடித்து ஒரு பக்கமாக உப்பவைத்தது. அவள் அதை அமர்த்தவில்லை, விரியட்டும் என்று விட்டாள்.

தமிழரசன் நடக்க ஆரம்பித்தான். கை வீசியது, யூரியா வெள்ளையாகச் சிதறி விழுந்தது, கால் சேற்றை விட்டுப் பிடுங்கிப் பிடுங்கி நேரே வந்தது.

"எவ்வளவு நேரம் இப்படி உக்காரணும்?" என்று ஹரிஹரசுப்ரமணியன் வானதியிடம் மெதுவாகக் கேட்டார்.

"இன்னும் ஏழு நடை சார்."

"சரி" என்றார்.

கிழக்கு வரப்பில் ஆனந்தவல்லி வடக்கே இரண்டடி நகர்ந்து நின்றாள்.